ஆங்கிளைத் திருடிய ஆள்!

உங்ககிட்ட ஒரு நண்பர் 240 ரூபாய் கடன் வாங்கியிருக்கார். திருப்பித் தர வழியில்லை. ஆனா, டாக்ஸியில் யாரோ மறந்துவிட்டுப் போன கேமரா ஒண்ணு அவர் கைக்கு வந்திருக்கு. கடனுக்குப் பதிலா அதை உங்ககிட்ட நீட்டறார். உங்களுக்கோ போட்டோ எடுக்கவே தெரியாது. வாங்குவீங்களா?

கல்கத்தாவைச் சேர்ந்த நிமாய் கோஷ் வாங்கிக்கொண்டார். (தொலைந்த பொருளை இப்படிக் கைமாற்றலாமா என்ற ஆராய்ச்சியை லா காலேஜ் மக்களிடம் விட்டுவிடுவோம்.) அப்போது அவர் நாடக நடிகர். உத்பல் தத்தின் குழுவில் மேடையேறியவர். வயது முப்பதைத் தாண்டியாச்சு. 1968-ல், நாடக நண்பர் ரபி கோஷ் நடிக்கும் சினிமாவின் ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்க ராம்பூர்ஹாட் என்ற ஊருக்குப் போகிறார். படம், 'கூப்பி கைனே பாகா பைனே'. இயக்குநர், சத்யஜித் ரே. கையில் அந்தக் கேமரா. ரிகர்சல் நடக்கும்போது சும்மா க்ளிக் க்ளிக் என்று தட்டிக்கொண்டே இருந்தார். பிரின்ட் போட்ட படங்களைப் பார்த்த ஆர்ட் டைரக்டர் பன்சி சந்திரகுப்தா, நேராக ரேயிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். புரட்டிப் பார்த்த ரே, 'என்னய்யா, என் ஆங்கிளை எல்லாம் நீர் தூக்கிட்டீரே' என்கிற மாதிரி கிண்டலடித்தாராம்.

அப்புறம் என்ன... அன்றிலிருந்து ரே மறைந்த 1992 வரை, கிட்டத்தட்ட 25 வருஷம், ரே எங்கே நின்றாலும் பக்கத்தில் நாலடி தள்ளி நிமாய் கோஷ். எடுத்துத் தள்ளிய படங்கள் 90,000-க்கும் மேல்!

சரி, ஒரு டைரக்டரை ஒரு ஆள் 25 வருஷம் போட்டோ எடுத்தார். அதைப் பற்றி நான் ஏன் நாலு பக்கம் எழுதணும், நீங்க ஏன் படிக்கணும்? காரணம் இருக்கு பாஸ். அதுக்கு முதல்ல நம்ம கோடம்பாக்கம் பாஷையில் ஒரு வார்த்தை தெரிஞ்சுக்கணும். 'வொர்க்கிங் ஸ்டில்ஸ்'.

ஷூட்டிங் ஸ்பாட்டில் எடுக்கும் போட்டோவில் ரெண்டு ஜாதி. ஒண்ணு, போஸ்டருக்கும் பத்திரிகைக்கும் போவது. ஷாட் ஓகே ஆனதும் 'ஸ்டில்ஸ்!' என்று ஒரு குரல் வரும். ஹீரோவும் ஹீரோயினும் அதே பொசிஷனில், அதே சிரிப்போடு உறைந்து நிற்பார்கள். படத்தில் வரும் ஃபிரேம் மாதிரியே இருக்கும். ஆனா படத்தில் அது இருக்காது. இன்னொண்ணு, வேலை நடக்கும்போதே எடுப்பது. டைரக்டர் தலையைச் சொறிவது, லைட் மேன் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பது, அசிஸ்டென்ட் வெயிலில் குடை பிடிப்பது, ஊர்ஜனம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்ப்பது. இதுதான் வொர்க்கிங் ஸ்டில்ஸ். முதல் ஜாதி படத்தை விற்கும். ரெண்டாவது ஜாதிக்கு அப்போதைக்கு மார்க்கெட்டே கிடையாது. படம் ரிலீஸ் ஆகி முப்பது வருஷம் கழித்துத்தான் அதோட அருமை தெரியும்.

நிமாய் கோஷ் உயிரைக் கொடுத்து எடுத்தது இந்த ரெண்டாவது ஜாதி. நடிகர்களை நிறுத்திவைத்து எடுப்பதில் அவருக்கு ஆர்வமில்லை. ஃப்ளாஷ் போடவே மாட்டார். இருக்கிற வெளிச்சம் போதும் என்ற பிடிவாதம்.

இங்கேதான் என் இன்ஜினீயரிங் மூளை முழித்துக்கொள்கிறது. அவருக்குக் கிடைத்த கேமரா கேனனெட் க்யூ.எல்.17. அந்த 17 என்பது மாடல் நம்பர் மட்டுமில்லை. லென்ஸ் எஃப் 1.7 வரை திறக்கும் என்று அர்த்தம். அதாவது மங்கின வெளிச்சத்திலும் தாராளமாக ஒளியை உள்ளே விடும். அதைவிட முக்கியம், இது ரேஞ்ச்ஃபைண்டர் வகை. எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். பட்டனை அமுக்கினால் அது 'டபக்' என்று மேலே எழும்பி இறங்கும். கேனனெட்டில் கண்ணாடியே இல்லை. லென்ஸுக்குள்ளேயே சின்ன இலைகள் மாதிரி ஷட்டர். சத்தம், பக்கத்தில் இருப்பவர் நாக்கைத் தட்டின மாதிரிதான். வசனத்தை ஸ்பாட்டிலேயே பதிவு பண்ணும் ஷூட்டிங்கில் ஒரே ஒரு 'டபக்' கேட்டாலும் மொத்த டேக்கும் காலி. ஃபிலிம் ரோல் வீணாய்ப் போகும். காசு இல்லாத யூனிட்டில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. டாக்ஸியில் கேமராவைத் தொலைத்த அந்தப் புண்ணியவான், சரியான கேமராவைத்தான் தொலைத்திருக்கிறார்!

'காசு இல்லாத யூனிட்' என்று சொன்னேன் இல்லையா... இன்டிபென்டன்ட் சினிமா என்று இன்றைக்கு ஸ்டைலாகச் சொல்கிறோமே, அதன் அசல் அர்த்தமே அதுதான். ரேயின் முதல் படம் 'பதேர் பாஞ்சாலி' ஷூட்டிங் ஆரம்பித்தது 1952 அக்டோபரில். நாணல் பூத்த வயலில் அக்காவும் தம்பியும் ஓடும் சீன். அடுத்த வாரம் மிச்சத்தை எடுக்கப் போனால் வயலே இல்லை. மாடுகள் மேய்ந்துவிட்டன! மறுபடி பூக்க அடுத்த வருஷம் வரை காத்திருந்தார்கள். நடுவில் இன்ஷூரன்ஸ் பாலிஸி, மனைவியின் நகை எல்லாம் அடகு. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துப் படம் முடிந்தது 1955-ல். அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரதா மித்ராவுக்கு ஷூட்டிங் தொடங்கியபோது வயது 21-22. அதற்கு முன் மூவி கேமராவைத் தொட்டதே கிடையாது. அவரிடம் இருந்தது ஒரு ஸ்டில் கேமராவும் ஒரு நோட்டும். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்தை வங்காளத்தில் எடுத்தபோது, காலேஜ் பையனான மித்ரா தினமும் போய் நின்று வேடிக்கை பார்ப்பார். வேடிக்கை மட்டும் இல்லை, எந்த லைட் எங்கே இருக்கிறது என்று நோட்டில் படம் வரைந்து வைப்பார். ஒரு கட்டத்தில் அந்த யூனிட்டே கன்டினியூட்டிக்கு இந்தப் பையனின் நோட்டை வாங்கிப் பார்க்க வேண்டி வந்தது. ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கிறவனை 'தள்ளி நில்லு தம்பி' என்று விரட்டும் புரொடக்ஷன் மேனேஜர்கள் கவனிக்க!

ரே பண்ணின ஃபீச்சர் படங்களில் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி'யைத் தவிர எல்லாமே வங்காளி மொழிதான். ஹிந்தியில் எடுத்திருந்தால் பணம் பத்து மடங்கு கிடைத்திருக்கும். மனிதர் அசரவில்லை. ஸ்கிரிப்ட் எழுதுவதுகூட நம்ம ஊர் மளிகைக்கடைக் கணக்கு நோட்டு மாதிரி சிவப்புத் துணி பைண்டிங் போட்ட 'கேரோ காத்தா'வில். நிமாய் கோஷின் படங்களில் அந்த நோட்டு அடிக்கடி எட்டிப் பார்க்கும். ஆறடி நாலங்குல உயர மனிதர் தரையில் மல்லாந்து கிடந்து கேமரா வழியாகப் பார்ப்பார். நடிகருக்கு எப்படி முழிக்கணும் என்று தானே முழித்துக் காட்டுவார். 'சாருலதா'வுக்கு அப்புறம் கேமராவை ரேவே இயக்கினார் என்று புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தால் மண்டையில் ஏறாது. கோஷின் போட்டோவில், வியூஃபைண்டரில் கண்ணை ஒட்டிக்கொண்டு அவர் குனிந்து நிற்பதைப் பார்த்தால் அந்த முதுகுவலி நமக்கே வந்துவிடும்.

இப்போ ஒரு படத்துக்குள்ளே போவோம். பிளேஸ்மென்ட் சீசனில் இருக்கும் ஃபைனல் இயர் மக்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய படம், 1970-ல் வந்த 'பிரதித்வந்தி'. அப்பா இறந்ததால் மெடிக்கல் காலேஜை நடுவில் விட்ட பையன் இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைகிறான். இந்தப் பத்தாண்டின் முக்கியமான நிகழ்ச்சி எது என்று கேட்கிறார்கள். மனிதன் நிலவில் கால் வைத்ததைச் சொல்லியிருந்தால் வேலை கிடைத்திருக்கும். அவன் வியட்நாம் மக்களின் போராட்டத்தைச் சொல்கிறான். 'நீ கம்யூனிஸ்ட்டா?' என்று அடுத்த கேள்வி வருகிறது. ஆளை ரிஜெக்ட் பண்ணிவிட்டார்கள். இன்னொரு இன்டர்வியூவில் சுடுகிற வெயிலில், உட்காரப் போதுமான நாற்காலி இல்லாத வராந்தாவில் எழுபது எண்பது பேர் நிற்க, ஒருத்தன் மயங்கி விழுகிறான். நம்ம ஹீரோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மேஜையையே கவிழ்த்துவிடுவான். (இதை மட்டும் நீங்க ஃபாலோ பண்ணாதீங்க.)

அது நக்சல்பாரி காலத்துக் கல்கத்தா. படத்தில் ரே காட்டும் கல்கத்தா, அவர் தேர்ந்தெடுத்த கல்கத்தா. எந்தத் தெரு, எந்த வெளிச்சம், எவ்வளவு கூட்டம் எல்லாமே கணக்கு. வொர்க்கிங் ஸ்டில்லில் அந்தக் கணக்கு நடக்காது. ஃபிரேம் ஓரத்தில் கூப்பிடாமலே யாராவது வந்து நிற்பார்கள். அவர்கள் என்ன சட்டை போட்டிருந்தார்கள், கேமராவை எப்படி முறைத்தார்கள், சுவரில் எந்தக் கட்சி எழுத்து... டைரக்டர் 'கட்' சொன்ன பிறகும் ஊர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த மிச்சத்தைப் பிடிப்பது ஸ்டில் கேமரா மட்டும்தான். ஒரு மாநிலத்தின் முகம் என்று நாம் சொல்வதில் பாதி அந்த மிச்சத்தில்தான் கிடக்கிறது என்பது என் கட்சி.

இதைச் சொல்லும்போது ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியே ஆகணும். அதே 1970-ல் வந்த 'ஆரண்யேர் தின் ராத்ரி'. நாலு கல்கத்தா பையன்கள் பாலமாவு காட்டுக்கு டூர் போகும் கதை. அப்போ அந்தக் காடு பீகாரில் இருந்தது, 2000-க்குப் பிறகு ஜார்கண்ட். அதில் துலி என்ற சந்தால் பழங்குடிப் பெண்ணாக நடித்தவர் யார் தெரியுமா? சிமி கரேவால்! இங்கிலாந்தில் வளர்ந்த பஞ்சாபிப் பெண். உடம்பெல்லாம் கறுப்பு மேக்கப். வங்காளத்தின் மனசாட்சி என்று நாம் கொண்டாடும் டைரக்டர், காட்டுக்கே போய் ஷூட்டிங் வைத்துவிட்டு, காட்டுக்காரிக்குப் பம்பாய் நடிகையைச் சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார். எனக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். அதில் மரத்தடியில் உட்கார்ந்து ஆடும் ஞாபகசக்தி விளையாட்டை ஹாஸ்டலில் நாங்களே ஆடிப் பார்த்திருக்கோம். ஆனாலும் துலி வரும் சீனில் எல்லாம் உறுத்துது. 2025 மே மாதம் அந்தப் படத்தைப் புதுப்பித்து கான் விழாவில் போட்டபோது, சிமியும் ஷர்மிளா தாகூரும் நேரில் போயிருந்தார்கள். உலகமே கைதட்டியது. கைதட்டட்டும். ஆனா சந்தால் மக்கள் யாராவது அந்த ஷூட்டிங்கை ஒரு கேமராவோட வேடிக்கை பார்த்திருந்தா, அவங்க ரோலில் என்ன இருந்திருக்கும்? 'ஒரு வட்டாரத்தின் அடையாளம்' என்று பேசும்போது, கேமரா யார் கையில் இருந்தது என்ற கேள்வி நிமாய் கோஷுக்கும் பொருந்தும். அவரும் கல்கத்தாக்காரர்தான். பிற்பாடு அவர் பஸ்தர், கட்ச் என்று பழங்குடி மக்களைத் தேடிப் போய்ப் படம் எடுத்தார் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளணும்.

வங்காளி அடையாளம் என்றாலே அதுக்கு நடுவில் ஒரு எல்லைக்கோடு ஓடுது. 1973-ல் 'அஷானி சங்கேத்' படத்துக்கு ரே பிடித்த ஹீரோயின் பபிதா, அப்போதுதான் பிறந்திருந்த பங்களாதேஷைச் சேர்ந்தவர். 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கான பேர் செத்த பஞ்சத்தைப் பற்றிய படம். விளைச்சல் இருந்தும் அரிசி கிடைக்காத கொடுமை. அதனாலேயே ரே அதைப் பளிச்சென்று கலரில் எடுத்தார். வயல் பச்சையாகச் சிரிக்கும், மனிதர்கள் செத்து விழுவார்கள். பஞ்சம் வந்தபோது ஒரே வங்காளம், படம் எடுக்கும்போது ரெண்டு நாடு. அந்த செட்டில் ரெண்டும் ஒரே குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தன.

இந்த இடத்தில் நீங்க கூகுள் பண்ணப் போனால் ஒரு குழப்பம் வரும். இன்னொரு நிமாய் கோஷ் வருவார்! அவர் இவரைவிட இருபது வயது மூத்தவர், ஒளிப்பதிவாளர். தேசப்பிரிவினையில் கிழக்கு வங்காளத்தை விட்டு ஓடிவந்த அகதிகளைப் பற்றி 1950-ல் 'சின்னமூல்' என்று படம் எடுத்தார். சியால்டா ரயில் நிலையத்தில் நிஜ அகதிகளுக்கு நடுவே எடுத்த படம். 'பதேர் பாஞ்சாலி' வர அஞ்சு வருஷம் முன்னாடி! அப்புறம் அவர் கிளம்பி வந்து செட்டில் ஆன ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' அவர் இயக்கியதுதான். இசை எம்.பி.சீனிவாசன், ஜெயகாந்தன் பாட்டெழுதியிருந்தார். இங்கே சினிமாத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. வங்காளத்தைச் சேர்ந்த ஒருவர் தமிழில் தொழிலாளர் படம் எடுத்திருக்கிறார், அந்த ஷூட்டிங்கின் வொர்க்கிங் ஸ்டில் எத்தனை பேர் பார்த்திருக்கோம்? நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் நாலடி தள்ளி நிற்க ஒரு சின்ன நிமாய் கோஷ் இல்லாமல் போய்விட்டார்.

ரே பக்கத்தில் இருந்தவரோ கடைசி வரை நகரவில்லை. 1983-ல் 'கரே பைரே' வேலையின் நடுவே ரேக்கு மாரடைப்பு. அதற்குப் பிறகு வெளிப்புறப் படப்பிடிப்பு குறைந்து, கடைசி மூன்று படங்களும் பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள். வெளியில் ஓடி ஓடி எடுத்த மனிதர், நாலு சுவருக்குள் நாற்காலியில் உட்கார்ந்து எடுக்கும் மனிதராகிறார். அதே ஆளை, அதே கண்ணால், 25 வருஷம் தொடர்ந்து பார்த்தவரிடம் மட்டும்தான் இந்த வயசாகும் கதை முழுசாக இருக்கும். ஜான்சன் பின்னாலேயே சுற்றி அவர் வாழ்க்கையை எழுதிய பாஸ்வெல்லோடு இவரை ஒப்பிட்டார் ரே. இவர் பேனாவுக்குப் பதில் கேமரா பிடித்த பாஸ்வெல். 1991-ல் வந்த 'சத்யஜித் ரே அட் 70' புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர், போட்டோகிராபி உலகின் பெரியவர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸான். 2010-ல் பத்மஸ்ரீ. 2020 மார்ச் 25-ல் கொல்கத்தாவில் நிமாய் கோஷ் காலமானார். நாடே லாக்டவுனில் அடைந்து கிடந்த முதல் நாள் அது.

அந்த நெகட்டிவ்கள் இப்போ எங்கே? கணிசமான பங்கு டி.ஏ.ஜி. என்ற டெல்லி ஆர்ட் கேலரியின் ஆவணக் காப்பகத்தில் போய்ச் சேர்ந்தது. வங்காளத்தின் முகம், ஒரு தனியார் கேலரியின் பாதுகாப்பில்! இதுக்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா? நான் சந்தோஷக் கட்சி. ஏன்னா மாற்று வழி என்ன என்று தெரியும். 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் பிடித்த தீயில் 'பதேர் பாஞ்சாலி' உள்பட அப்பு படங்களின் ஒரிஜினல் நெகட்டிவ்கள் கருகின. கருகிய சுருளில் தேறிய ஃபிரேம்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, மிச்சத்தை வேறு பிரின்ட்களிலிருந்து எடுத்து, 2015-ல்தான் மீட்க முடிந்தது. உலகப்புகழ் படத்துக்கே இந்த கதி என்றால், ஏதோ ஒரு ஸ்டில் போட்டோகிராபர் வீட்டுப் பரணில், பிஸ்கட் டப்பாவில், நம்ம ஊர் ஈரக்காற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் நெகட்டிவுக்கு யார் கேரன்டி?

கடைசியா, உங்க மேட்டருக்கு வரேன். உங்க காலேஜில் இந்த செமஸ்டரில் குறைந்தது ரெண்டு ஷார்ட் ஃபிலிமாவது எடுப்பாங்க. மதுரையில் எடுத்தால் மதுரை, திருநெல்வேலியில் எடுத்தால் தாமிரபரணி, ராமநாதபுரத்தில் எடுத்தால் கருவேலங்காடு. டைரக்டர், கேமராமேன், எடிட்டர், 'அசோசியேட்' என்று பேர் போட்டுக்கொள்ள பன்னிரண்டு பேர் இருப்பாங்க. வொர்க்கிங் ஸ்டில்ஸ் எடுக்க மட்டும் ஆள் இருக்காது. எடுத்தாலும் டைரக்டர் கூலிங்கிளாஸ் போட்டு வியூஃபைண்டரில் பார்க்கிற ஒரு போஸ், அதுவும் ப்ரொஃபைல் பிக்சருக்கு! அந்த இடம் காலியாத்தான் இருக்கு. நீங்க போய் நிக்கலாம்.

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை, செல்போன் போதும். ஃப்ளாஷை ஆஃப் பண்ணுங்க. அந்த டுபாக்கூர் ஷட்டர் சத்தத்தையும் மியூட் பண்ணுங்க, இல்லேன்னா சவுண்டு பார்க்கிற பையன் அடிக்க வருவான். ஹீரோவை எல்லாரும் எடுப்பாங்க. நீங்க டீ கொண்டுவர்ற அக்காவை, வீட்டைக் கொடுத்த தாத்தாவை, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிக்கிற கூட்டத்தை எடுங்க. கேட்டுட்டு எடுங்க, அவங்க வேண்டாம்னா விட்டுடுங்க. ராத்திரி ரூமுக்கு வந்ததும் தூங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு படத்துக்கும் தேதி, ஊர், தெரு, இருக்கிறவங்க பேர் நாலையும் டைப் பண்ணுங்க. வாட்ஸப்பில் அனுப்பின காபியை ஒரிஜினல்னு நம்பி போனில் இருப்பதை அழிச்சுடாதீங்க, அது சுருங்கிப்போன காபி. ஹார்டு டிஸ்க்கில் ஒண்ணு, ஃப்ரெண்டு வீட்டில் இன்னொண்ணு. டைட்டில் கார்டில் 'ஸ்டில்ஸ்' என்று உங்க பேரைப் போடச் சொல்லி முதல் நாளே டைரக்டர்கிட்ட பேசி வெச்சுக்குங்க. எடிட்டிங் முடிஞ்ச அப்புறம் கேட்டா, 'அடுத்த படத்துல பார்த்துக்கலாம் மச்சி'ன்னுதான் பதில் வரும்.